எழுதுவதற்கு எந்தக் கணினி?

கல்விக் கடன் கைக்கு வந்ததும் நம் முதலாண்டு மாணவர்களில் பலர் முதலில் வாங்குவது மடிக்கணினியைத்தான். மூவாயிரம், நாலாயிரம் வெள்ளி. பட்டம் பெற்ற பிறகு மாதா மாதம் கட்ட வேண்டிய பி.டி.பி.டி.என். பணம் அது. அவ்வளவு பெரிய செலவைப் பற்றி நமக்குள் நாம் பேசிக்கொள்வதில்லை. கடைக்காரர் சொல்வதே வேதவாக்காகிவிடுகிறது. கதையும் கவிதையும் எழுத நினைக்கும் மாணவருக்கு அந்த வேதவாக்கு பொருந்தாது என்பதே என் கருத்து.

கடைக்காரர் வேகத்தைப் பேசுவார். எழுத்துக்கு வேகம் எதற்கு? யூனிகோடில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறியீடு பொதுவாக 3 பைட் இடம் பிடிக்கிறது. அப்படிப் பார்த்தால் முந்நூறு பக்க நாவல்கூடச் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படமும் ஏறத்தாழ அவ்வளவுதான். எழுதுகிறவர் காசு போட வேண்டியது விசைப்பலகைக்கு. அடுத்துக் கண்ணை உறுத்தாத திரைக்கு. மூன்றாவதாகத்தான் மின்கலம், அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நல்ல விசைப்பலகை மலிவான புதுக் கணினிகளில் அரிது. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட் போன்ற கணினிகளில் அது உண்டு. லோ யாட் பிளாசா போன்ற இடங்களில் தேடினால் ஆயிரம் வெள்ளியை ஒட்டிய விலையில் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். அதற்கு முந்தியவற்றை ஐந்நூறு வெள்ளிக்குக் கூவிக் கொடுப்பதன் காரணம் இதுதான். உபுண்டு போட்டு லிப்ரே ஆபிசில் எழுதத் தயார் என்பவருக்கு அதுவும் நல்ல பேரமே. மற்றவர்கள் விலகி நடக்கலாம்.

ஐபேட் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். படிக்கவும் குறிப்பெடுக்கவும் அதற்கு இணை இல்லை. ஆனால் கண்ணாடியில் தட்டிப் பத்துப் பக்கக் கதை எழுதுவது கைக்கும் பொறுமைக்கும் சோதனை. தனி விசைப்பலகை வாங்கிச் சேர்த்தால் விலை மடிக்கணினியைத் தாண்டிவிடுகிறது. கையில் கைப்பேசி மட்டுமே உள்ளவர் அதனுடன் புளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்து எழுதலாம். அந்த விசைப்பலகையில் தமிழ் விழுகிறதா என்று கடையிலேயே தட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எந்தக் கணினி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதில் எப்படித் தமிழைத் தட்டுகிறோம் என்பது. நம்மில் பலர் ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டு, கீழே தோன்றும் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். லகரமா, ளகரமா, ழகரமா என்பதைக் கருவியே முடிவு செய்கிறது. போட்டிக்கு வரும் கதைகளில் 'பள்ளி' 'பல்லி'யாகத் திரிவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் உண்டு. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. புள்ளி தானாக விழும். நம் நாட்டு முத்து நெடுமாறன் தந்த முரசு அஞ்சலில் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். அதிலும் ணகரத்தையும் னகரத்தையும் நாமே பிரித்துத் தட்டியாக வேண்டும். இவ்விரு முறைகளும் 2019 முதல் விண்டோசிலேயே உள்ளன, மேக்கிலும் உண்டு. தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. தமிழ்99க்கு இரண்டு வாரம் விரல் தடுமாறும். அவ்வளவுதான்.

சேமிப்பதைப் பற்றி ஒரு சொல். யூனிகோடு பரவுவதற்கு முன் தகுதரம் முதலான குறியீடுகளில் தட்டச்சு செய்த படைப்புகளை உரிய எழுத்துரு இல்லாமல் இன்று திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். நம் மூத்தோரின் கதைகள் எத்தனை அப்படிப் போயினவோ! யூனிகோடில் எழுதுங்கள். எழுதியதைக் கணினியில் மட்டும் வைக்காமல் அன்றன்றே உங்கள் மின்னஞ்சலுக்கும் ஒரு படி அனுப்பிவிடுங்கள். பழைய கணினி எச்சரித்துவிட்டுச் சாவதில்லை.

பேரவை நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. புதியவர்களுக்கான அறிமுக வாரத்தில் ஆடல் பாடலுக்கு இடையே ஒரு மணி நேரத்தைத் தமிழ்த் தட்டச்சுக்கு ஒதுக்குங்கள். வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்களின் வீடுகளில் நல்ல நிலையில் உள்ள மடிக்கணினிகள் சும்மா கிடக்கின்றன. நான்கைந்தைக் கேட்டு வாங்கிப் பேரவை அறையில் வைத்தால், கடன் பணம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு மாணவி தன் முதல் கதையை அதில் தட்டத் தொடங்கலாம்.