'டு லிவ்': விதி கொன்றதா, பசி கொன்றதா?

சீன எழுத்தாளர் யூ ஹுவாவின் 'டு லிவ்' நாவலில் ஃபூகுய் தன் குடும்பத்தையே ஒவ்வொருவராகப் பறிகொடுக்கிறார். 'ஓவர் சோகம்ப்பா' என்று பாதியில் மூடி வைப்பவர்கள் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் விதி என்று தள்ளிவிட முடியாது. மகன் யோச்சிங் சாகிறான். பிரசவத்தில் ரத்தம் இழந்த அதிகாரியின் மனைவிக்காக, ஆஸ்பத்திரியில் அவன் உடம்பிலிருந்து உறிஞ்சித் தள்ளிவிடுகிறார்கள். பேரன் குகென், அவித்த பயறை அளவு மீறித் தின்று சாகிறான். பேராசையா? பயறே அபூர்வமாகக் கிடைக்கிற வீடுங்க அது!

ஜாங் யீமோ 1994இல் எடுத்த படத்தில் பேரன் பிழைத்துவிடுகிறான். கேன்ஸில் கிராண்ட் ப்ரீ வாங்கிய நல்ல படம்தான். சீனாவில் அதற்கும் தடை. ஆனாலும் இந்த ஒரு மாற்றம் நாவலின் கோபத்தைத் தணித்துவிடுகிறது. நாவலில் கடைசியில் மிஞ்சுவது கிழவரும் ஒரு கிழட்டு மாடும். மாட்டுக்கும் அவர் வைத்த பெயர் ஃபூகுய்.