ஒரு நாள் போயிற்று

நாட்காட்டியில் ஒரு நாளைச் சிவப்பு மையில் அச்சிட்டுவிட்டால் மட்டும் அந்த நாள் நமக்கு உரியதாகிவிடுவதில்லை. வாரத்தின் மற்ற நாட்களில் நாம் தள்ளிவைத்த வேலைகள் யாவும் அந்த ஒரு நாளின் வாயிலில் வந்து வரிசையாக நிற்கின்றன. மின்கட்டணம் செலுத்தவேண்டும், தையற்காரரிடம் கொடுத்த துணியை வாங்கவேண்டும், நியாயவிலைக் கடையில் விரல் ரேகை வைத்துவிட்டு வரவேண்டும், உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், இல்லையேல் அவர்கள் மனம் நோவார்கள். இவற்றையெல்லாம் நாம் சில்லறை வேலைகள் என்கிறோம். பொருத்தமான பெயர்தான். பையிலிருந்த நோட்டை எதற்கு மாற்றினோம் என்பது நினைவில் நிற்பதற்குள் சில்லறை கரைந்துவிடுகிறதன்றோ!

இல்லத்தரசியரைப் பற்றி இங்கே பேச்செடுக்க நமக்குச் சற்றே தயக்கம். ஆடவர்க்கு விடுமுறை என்றால் அடுப்புக்கு இரட்டை வேலை என்பது நம் குடும்பங்கள் அனைத்திற்கும் தெரிந்த செய்தி. அதைத் தனியே ஓர் இதழில் எழுதுவோம்.

அன்பு வாசகர்களே, இந்த வாராந்தர ஓய்வு நாள் நம் நாட்டுத் தொழிலாளருக்கு யாரும் தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டியதன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் விடியலில் நுழைந்தவர்கள் அந்தியில் வெளிவந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமையிலும் இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தம் செய்ய அவர்கள் ஆலைக்குப் போகவேண்டியிருந்தது. நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் பெருந்தகை 1884இல் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிக் கோரிக்கைகளை முன்வைத்தார். அவற்றுள் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. 1890 ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினர். மறு ஆண்டு, 1891இல், தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இடம்பெற்றது. அதே 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள்தான், சிங்கராயர் என்று நம் முன்னோர் அழைத்த பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டு, உழைப்பவனுக்கு ஓய்வு நாள் உரியது என்பதைத் திருச்சபையின் போதனையாக எடுத்துரைத்தார். பம்பாயும் உரோமையும் ஒன்றையொன்று கலந்துகொள்ளாமலே ஒரே ஆண்டில் ஒரே செய்தியைச் சொல்லியிருப்பது நமக்கு வியப்பளிக்கிறது.

ஆயினும் அந்தச் சட்டம் ஆலைக்குள் நின்றவனையே கண்டது. ஏர் பிடித்தவனையும் மலைச்சரிவில் சாமை விதைத்தவளையும் அது காணவில்லை. பழைய ஏற்பாட்டின் உபாகமத்தில் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் அந்நியனுக்கும் ஏன், மாட்டிற்கும் கழுதைக்கும்கூட ஓய்வு கட்டளையிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மலைவாழ் மக்களின் ஓய்வைக் குறித்து நாம் எண்ணத் தலைப்பட்டது அண்மையில் ஜவ்வாது மலைக்குச் சென்றபோதுதான்.

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. அலுவலகத்தில் தற்செயல் விடுப்பு ஒரு நாள் மீதமிருந்தது. காவலூரிலுள்ள வானாய்வகத்தைக் காணவேண்டும் என்பது எம் நெடுநாளைய ஆவல். எம் துணைவியாரும் உடன்வர இசைந்தார். வேலூரிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். முந்திய இரவே புளிச்சாதம் கட்டியாயிற்று. ஆனால் ஓய்வூதியம் பெறும் அன்னையாரின் ஆயுள் சான்றை அந்த மாதத்திற்குள் கொடுத்தாகவேண்டும். வங்கி திறப்பதோ பத்து மணிக்கு. 'போகிற வழிதானே' என்றோம். வங்கியில் அன்னையாரின் விரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. எண்பது ஆண்டுகள் பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரலை அந்தக் கண்ணாடிக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருவழியாக அது முடிந்து அவரை வீட்டில் விட்டுத் திரும்பும்போது எரிவாயு முகவரிடமிருந்து அழைப்பு. பிறகு அண்டை வீட்டார், வாணியம்பாடியில் தம் சகோதரியிடம் சேர்க்கும்படி ஒரு மருந்துப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். பேருந்தில் ஏறும்போது பன்னிரண்டரை.

ஆம்பூரைத் தாண்டியதும் சரக்கு லாரி ஒன்று சாலையின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் ஒரு வண்டி நின்றால் அதன்பின் எத்தனை வண்டிகள் நிற்கும் என்பதை அவ்வழியே பயணம் செய்வோர் அறிவர். ஒன்றரை மணி நேரம் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கித் தேநீர் அருந்தினார். புளிச்சாதம் அங்கேயே, பேருந்திலேயே முடிந்தது. வாணியம்பாடியில் மருந்தைச் சேர்த்து, ஆலங்காயம் சென்று, அங்கு மலைப் பேருந்துக்குக் காத்திருந்து ஏறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காவலூரை அடைந்தபோது வானாய்வகத்தின் வெண்மையான கூண்டு மரங்களுக்கு மேலே மங்கலாகத் தெரிந்தது. உள்ளே செல்லும் நேரம் கடந்துவிட்டது. வானமும் மேகமூட்டம். அங்கு பணிபுரியும் அறிஞர்களுக்கும் அன்றைய இரவு வீண்தான் என்று எண்ணி ஓரளவு ஆறுதல் பெற்றோம்.

அந்த வானாய்வகத்தின் வரலாறு கேட்கத் தக்கது. நகரங்களின் ஒளியும் புகையும் எட்டாத ஓரிடத்தைத் தேடி அலைந்த வானியல் மேதை வைணு பாப்பு அவர்கள், கடல்மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்திலுள்ள இந்தக் காட்டுப் பகுதியைத் தெரிந்துகொண்டார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சு மாதம் யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்று உலகம் அறிந்தபோது, அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 சனவரி 6ஆம் நாள் திறக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது. அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1982இல் காலமாகிவிட்டார்.

இந்த மலையின் தொலைவே அதன் தகுதியாயிற்று என்பதைக் கவனியுங்கள். தொலைவாகவும் இருளாகவும் இருந்தமையால்தான் விண்மீன்களைத் தேடியவர்கள் இங்கு வந்தனர். பீமன் அருவியையும் கோமுட்டேரிப் படகுத்துறையையும் நாடி வரும் உல்லாசப் பயணிகளுக்கும் அந்தத் தொலைவு ஓர் அழகே. அங்கேயே பிறந்து வாழும் மக்களோ அதே தொலைவுக்குக் கூலி கொடுக்கிறார்கள். அந்தக் கூலி பணமாக மட்டும் போவதில்லை, நாட்களாகப் போகிறது.

மலை ஒன்று, மாவட்டங்கள் மூன்று. காவலூரும் புதூர்நாடும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. அந்த மாவட்டம் 2019இல் வேலூரிலிருந்து பிரிந்து உருவானது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். அமிர்தி வேலூர் மாவட்டம். அருகிலிருக்கும் சந்தை ஒரு மாவட்டத்திலும், போகவேண்டிய அலுவலகம் வேறொரு திசையிலும் இருப்பது அங்கு புதுமையன்று. மேலும், இம்மலைகளில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தார் என்று மயங்கவேண்டா. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பதே அவர்களுடைய மரபுக் கதை. நம் போன்றோர் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்திலேயே பெற்றுக்கொள்கிறோம். பழங்குடியினருக்கு அவ்வாறு இயலாது. பொய்ச் சான்று பெறுவோரைத் தடுக்கும் நோக்கத்துடன், 1989 முதல் அச்சான்றை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்கவேண்டும் என்று விதி செய்யப்பட்டது. நோக்கம் நல்லதே; அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஏமாற்றுக்காரனுக்காகப் போட்ட வேலியை நாள்தோறும் தாண்டவேண்டியவர் உண்மையான உரிமைக்காரர் அல்லரோ? விண்ணப்பத்தை இப்போது கணினி வழியே அனுப்பலாம். விசாரணைக்கும் பழைய தாள்களைக் காட்டுவதற்கும் கால்களே போகவேண்டியுள்ளது.

ஆலங்காயத்தில் எம்மோடு பேருந்தேறிய ஒரு தாய் இதையெல்லாம் எமக்கு விளங்கவைத்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். மடியில் நெகிழிக் கோப்பு ஒன்று. காலடியில் இரண்டு பைகள்.

"எந்த ஊரம்மா?" என்று எம் துணைவியார் கேட்டார்.

"காவலூரு தாண்டி மேல போவணும்மா. பையனுக்கு சர்ட்டிபிகேட்டுக்காக வந்தேன். இது மூணாவது வாட்டி."

முதன்முறை சென்றபோது குறித்த படிவம் இல்லை என்றார்களாம். இரண்டாம் முறை, கணவருடைய தந்தையின் பழைய பள்ளிச் சான்றோ அதற்கு ஈடான தாளோ வேண்டும் என்றார்களாம். பள்ளிக்கூடத்தையே காணாத பெரியவருக்குப் பள்ளிச் சான்று எங்கிருந்து வரும்? உறவினர் ஒருவருடைய சான்றைத் தேடி எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை வந்தார். அன்று அதிகாரி வெளியூர் முகாமுக்குச் சென்றிருந்தார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் காலை நான்கு மணிக்கு எழுந்து, டார்ச் விளக்குடன் காட்டுப்பாதையில் நடந்து வந்து முதற்பேருந்தைப் பிடித்தவர். சாமை அறுவடை முடியும் தறுவாய் அது. மூன்று நாள் கூலி போயிற்று. ஆனால் அவர் அதைச் சொன்ன முறையில் சினம் இல்லை. எமக்குத்தான் இருந்தது.

பைகளில் என்னவென்று கேட்டோம். அவருடையது ஒன்றுமில்லை. மலையிலிருந்து ஒருவர் கீழே இறங்குகிறார் என்றால் ஊரே தன் வேலையை அவரிடம் ஒப்படைக்குமாம். ஒரு பெரியவருக்கு இரத்த அழுத்த மாத்திரை. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த இரண்டு கைப்பேசிகள். ஒரு பெண்ணின் இரவிக்கை. சாணை பிடித்த அரிவாள். எவருக்கோ ஒரு கடிகார மின்கலம். யார் எவ்வளவு பணம் கொடுத்தார், மீதி எவ்வளவு என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. ஓர் இறக்கத்தில் ஏழு வீட்டார்க்கு ஒரு நாள் மிச்சம். இதைத் தவறவிட்டால் ஏழு பேர் ஏழு நாட்களை இழப்பார்கள்.

பேருந்து இல்லாத வேளைகளில் என்ன செய்வீர்கள் என்றதற்குச் சரக்கு வண்டியில் ஏறிக்கொள்வோம் என்றார். நமக்கு உடனே 2022ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள், யுகாதித் திருநாளன்று, புதூர்நாட்டை அடுத்த புலியூர் மக்கள் சேம்பரை மலைக்கோயிலுக்குச் சிறு சரக்கு வண்டியொன்றில் புறப்பட்டனர். வண்டி பள்ளத்தில் உருண்டது. 11 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். அறுவடையும் அலுவலகமும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு, குடும்பத்தோடு இறைவனைத் தொழப் போனவர்கள். நாம் ஆம்பூரில் இழந்த ஒன்றரை மணி நேரத்தை அதனருகில் வைத்துப் பேச நாவெழவில்லை.

மலைக்குப் பேருந்துகளைக் கூட்டவும், கோட்டாட்சியர் மாதம் ஒரு நாளேனும் மலையின்மீதே அமர்ந்து விசாரிக்கவும் அரசை வேண்டுவது பொதுமக்கள் கடமை. அது நடக்கும்வரை நம்மால் ஆகக்கூடியதொன்று உண்டு. நம் அடிவாரப் பங்குகளில் ஓய்வுபெற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் இல்லாமலில்லை. எந்த விண்ணப்பத்திற்கு எத்தனை நகல், எந்தத் தாளில் யார் கையொப்பம், எந்தக் கிழமையில் எந்த அதிகாரி இருக்கையில் இருப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வின்சென்ட் தே பவுல் சபையார் இவர்களுள் இருவரை அழைத்து, சந்தை நாளில் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு மேசை போட்டு அமரச் செய்யலாம். சமயம் எதுவென்று கேட்கவேண்டியதில்லை. அலுவலகத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து அதிகாரி இருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லலாம். கோப்பைப் பிரித்து, குறையும் தாள் இன்னதென்று முதல் நாளே சொல்லிவிடலாம். அந்தத் தாயின் மூன்று பயணங்களில் இரண்டு இவ்வாறு குறைந்திருக்கும். அவர் செவ்வாய்க்கிழமை மீண்டும் இறங்குவார். அன்று ஊராருடைய பைகளும் உடன் இறங்கும்.