காலடிப்பேட்டையும் வள்ளூரும்

திருவொற்றியூர்க் காலடிப்பேட்டைக்கும் எவர் காலடிக்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய ‘காலெட் பேட்டை’யே மக்கள் நாவில் அங்ஙனந் திரிந்தது. கும்பினியார் கருதியது துணி வாணிகமே, தருமமன்று. எனினும் குடியிருக்க இடந்தந்தமையால் வந்தோர் கைத்திறன் இவ்வூர்த் தொழிலாயிற்று.

இன்று வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கின்றது. அதனை அடுத்த எண்ணூர்த் தொழில்வட்டாரத்திற்குப் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களினின்று வருவோருள் பற்றவைப்பிலும் சாரங்கட்டுதலிலும் தேர்ந்தார் பலர். வேலையை எளிதாக்கும் புதுவழி அத்தகையோர் கைக்கே முதலிற் புலப்படும். நாமோ தோள்வலிக்கு மட்டும் கூலியளந்து, ஒப்பந்தந் தீர்ந்ததும் அனுப்பிவிடுகின்றோம். அவ்வறிவும் உடன் இரயிலேறுகின்றது. ஆராய்ச்சிக்கூடம் வேண்டுமென முழங்குவோர், இவர்க்கு வாடகை வீடும் இவர்தம் மக்கட்குப் பள்ளியும் முதலிற் கேட்பாராக. மாலையில் தமிழ் கற்பிக்கும் பணியை நம் கல்லூரி மாணவரே ஏற்கலாம்.