ஜீப்பின் ஆயில் கசிவும் சங்கத்தின் கணக்கும்

மலைப்பகுதி விளைபொருள் சங்கங்களுக்கு ஜீப் ஆடம்பரப் பொருளன்று. மழைக்காலத்தில் லாரி ஏறாத ஊர்களிலிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் சங்கத்துக் கிட்டங்கிக்கு வந்து சேர்வது அதனால்தான். அங்கத்தினர் வீட்டில் இரவில் யாருக்கேனும் நோய் கண்டால் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அதுவே. அத்தகைய வண்டியில் ஆயில் கசியத் தொடங்கினால் நம் நிர்வாகக் குழுக்கள் பெரும்பாலும் டின் டின்னாக ஆயில் வாங்கி ஊற்றுகின்றன. ஊற்றி அலுத்தபின், பட்டறைக்காரர் கேட்கும் தொகைக்குத் தீர்மானம் நிறைவேற்றிவிடுகின்றன. கசிவு எங்கே பிறக்கிறது என்று பார்ப்பாரைக் காணோம். அதைப் பார்த்து எழுதி வைக்காமல் எந்தச் சங்கமும் ரிப்பேர்ச் செலவை அனுமதிக்கலாகாது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வபிப்பிராயத்துக்கு நான் வந்தது என் சொந்தத் தவற்றினால்தான். ஒரு சங்கத்தின் கணக்கைப் பரிசீலிக்கையில், ஜீப்புக்கு மாதந்தோறும் 3 லிட்டர் என்ஜின் ஆயில் மேல்வாரியாக ஊற்றியதாகச் செலவு எழுதப்பட்டிருந்தது. வண்டி நிற்கும் கொட்டகைக்குச் சென்று பார்த்தேன். தரையில் நாலைந்து சொட்டுக் கறைகளே இருந்தன. எனவே, ஆயில் வெளியே விற்கப்படுகிறதோ என்ற ஐயம் தோன்றும்படி ஒரு ஆட்சேபணைக் குறிப்பு எழுதி, ஓட்டுநரிடம் விளக்கம் கோரினேன். அவர் 20 ஆண்டுகளுக்கு மேல் மலைப்பாதையில் வண்டி ஓட்டிய பெரியவர். கோபித்துக்கொள்ளவில்லை. “ஐயா, நிற்கும்போது சொட்டாது, ஓடும்போதுதான் சொட்டுகிறது. ஒரு நடை என்னோடு ஏறி வாருங்கள்” என்றார்.

ஏறிச் சென்றேன். மேல் ஊரை அடைந்ததும் என்ஜினை நிறுத்தாமலே, சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, கைப் பிரேக்கையும் போட்டுவிட்டு, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். என்ஜினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தின் அடியிலிருந்து சுமார் 6 நொடிக்கு ஒரு சொட்டாக வீழ்ந்துகொண்டிருந்தது. அங்கேயே நின்று கணக்கிட்டேன். நாளொன்றுக்கு வண்டி 5 மணி நேரம் ஓடினால் 3000 சொட்டு. 25 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என உத்தேசமாகக் கொண்டால் 120 மில்லி லிட்டர். மாதத்தில் 25 நாள் ஓட்டத்துக்கு 3 லிட்டர்! விற்கப்பட்டதாக நான் ஐயுற்ற ஆயில் முழுவதும் பாதையில் கிடந்தது. கணக்குப் படித்த எனக்கு இது முன்பே தோன்றாதது வெட்கத்துக்குரியது.

இதற்குள் நகரத்துப் பட்டறை ஒன்று மதிப்பீடு கொடுத்திருந்தது. கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீல் போய்விட்டது. கியர் பாக்ஸையும், நான்கு சக்கர ஓட்டத்துக்குரிய டிரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்கி அதை மாற்றவேண்டும் என்பது அதன் சாரம். சொட்டு வீழும் இடத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வர். ஆனால் ஆயில் வீழுமிடம் வேறு, பிறக்குமிடம் வேறு. அது மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். பாவில் ஒரே இடத்தில் இழை அறுந்துகொண்டிருந்தால், நெசவாளர் நூலை மாத்திரம் குறை கூறுவாரா? அச்சின் பல்லையும் விழுதையும் அல்லவோ தடவிப் பார்ப்பார்!

பெரியவர் செய்தது அதுவே. அன்று மாலை என்ஜின் ஆறியபின், பழைய புழுதியும் பிசுக்கும் போக மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு தேய்த்து, சோப்பு நீரால் கழுவித் துடைத்து உலரவிட்டார். மறுநாள் காலை சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓட்டிவந்து, விளக்குப் பிடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். வெண்மையான பவுடரின்மேல் முதல் ஈரக்கோடு தெரிந்தது, என்ஜின் தலைமேல் இருக்கும் டாப்பெட் கவரின் பின்மூலையில். அங்கிருந்து வழிந்த ஆயில், என்ஜினின் முதுகு வழியே இறங்கி, பின் சீலிலிருந்து வருவதுபோலப் பாசாங்கு செய்திருக்கிறது.

கேஸ்கட்டை மாற்றினால் போதும் என்று நான் எண்ணினேன். அவர் விடவில்லை. கேஸ்கட் ஏன் தோற்றது என்று தேடி, பிரீதர் குழாயைக் கழற்றிக் காட்டினார். கருங்கசடு அடைத்து, ஊதினால் காற்றுப் போகவில்லை. என்ஜினுக்குள் எழும் ஆவியும் அழுத்தமும் வெளியேற ஏற்பட்ட வழி அதுதான். அது அடைபட்டால் அழுத்தம் வேறு வழி தேடும், எங்கே கேஸ்கட் நலிந்திருக்கிறதோ அங்கே ஆயிலைப் பிதுக்கும். புதிய கேஸ்கட் போட்டிருந்தாலும் சில மாதங்களில் மறுபடி ஒழுகியிருக்கும். குழாயைச் சுத்தம் செய்து, கார்க் கேஸ்கட் ஒன்று வாங்கிப் பொருத்தினார். போல்ட்டுகளை அளவாகவே முறுக்கினார். பலங்கொண்டு முறுக்கினால் கார்க் நசுங்கிப் பிளக்கும். தகட்டு மூடியும் வளைந்துபோகும். பசையை அள்ளிப் பூசுவதும் அதுபோன்ற தவறே. உட்புறம் பிதுங்கிய பசை உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடக் கூடும்.

பிரீதர் தெளிவாயிருந்தும், ஆயில் ஊற்றும் வாய் வழியே புகை குபுகுபுவென்று வருமானால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக் கூடும். அப்போது பெருஞ்செலவு நியாயமானதே. பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. கழுவிப் பார்க்க அவகாசம் கொடுக்காமல், “எவ்வளவு ஆகும்?” என்று மட்டும் கேட்கிறோம். அதற்கு ஏற்ற விடைதானே வரும்!

பழைய ஜீப்பில் ஆயில் கசியாமல் இருக்குமா என்று சிரித்துத் தள்ளுவோரும் உண்டு. இதில் பாதி உண்மை. மேலே ஈரம் பூத்துப் புழுதி படிந்து நிற்கும் கசிவைப் பல காலம் பொறுக்கலாம். சொட்டும் கசிவைப் பொறுக்கலாகாது. சக்கரத்தின் உட்புறத்தில் ஆயில் கோடு கண்டாலோ ஒரு நாளும் பொறுக்கலாகாது. அச்சின் முனையில் உள்ள சீல் தோற்று, கியர் ஆயில் பிரேக் ஷூவில் ஊறத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அத்தகைய பாதையில் மூட்டையும் ஆட்களுமாக இறங்கும் வண்டியின் ஒருபக்கப் பிரேக் வழுக்கினால் என்னவாகும் என்பதை நான் விரித்தெழுத வேண்டியதில்லை. ஊறிய ஷூவைத் துடைத்துப் போடாமல் மாற்றிவிட வேண்டும்.

பின்னச்சுக்கும் ஒரு பிரீதர் உண்டு. சேற்றில் செல்லும் வண்டிகளில் அது எளிதில் அடைபடும். சூடேறியதும் உள்ளே அழுத்தம் பெருகி, சீல் வழியே ஆயிலை வெளித்தள்ளும். அடைபட்ட நிலையில் சூடான அச்சு ஓடைநீரில் இறங்கினால், திடீரெனக் குளிர்ந்து நீரை உள்ளே இழுக்கும். ஆயில் பால்விட்ட காப்பி நிறமாக மாறியிருந்தால் அது நடந்துவிட்டதென்று அறியலாம். பழைய சீல் உராய்ந்து தண்டில் பள்ளம் விழுந்திருந்தாலும், பேரிங் தேய்ந்து தண்டு ஆடினாலும், எத்தனை புதிய சீல் போட்டும் பயனில்லை.

என் யோசனை எளியது. ஜீப்போ டிராக்டரோ வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் வண்டிக் குறிப்பேட்டில், ஆயில் ஊற்றிய தேதி, அளவு, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றோடு, கசிவு கண்ட இடம் என்றும் ஒரு பத்தி சேர்க்கட்டும். ரிப்பேர் மதிப்பீடு குழுவின் முன் வரும்போது அந்தப் பத்தி வெறுமையாயிருந்தால் காரியதரிசி அதைத் திருப்பி அனுப்பட்டும். மாதத்தில் அரைநாள் ஓட்டுநருக்கு வண்டியைக் கழுவிப் பார்க்கச் சம்பளத்தோடு ஒதுக்கட்டும். அந்த அரைநாளை வீண் என்று எழுதும் ஆய்வாளர் வந்தால், அவரையும் ஒரு நடை மேல் ஊருக்கு ஏற்றிச் செல்லலாம்.

அச்சங்கத்தில் பட்டறைத் தீர்மானம் ரத்தாயிற்று. அடுத்த ஆய்வின்போது, பெரியவர்மீது நான் எழுதிய ஆட்சேபணையை நீக்கி, நீக்கியதற்குக் காரணத்தையும் விவரமாக எழுதிக் கையெழுத்திட்டேன். குறிப்பேட்டில் அம்மாதம் ஊற்றிய ஆயில் கால் லிட்டர்.