நானே போட்ட ஓட்டைகள்

போகும்போது 35 கிலோ. திரும்பி வரும்போது 50 இருக்கும். மீன் ஒன்றும் பிடிபடவில்லை.

ஒக்ரோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், மெல்பேர்ணின் அல்ரோனாக் கரையில் கயாக்கை மணலுக்கு இழுத்தபோதுதான் இந்தக் கணக்கு என் இடுப்புக்கு விளங்கியது. மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். போர்ட் பிலிப் குடாவில் ஒரு பங்கு உள்ளே கிடந்தது. பற்றரி வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டி அதில் மிதந்துகொண்டிருந்தது. வரும் வழியெல்லாம் கயாக் கள்ளுக் குடித்ததுபோல் ஆடியதற்கும் காரணம் தெரிந்தது. நான் அலை என்று நினைத்திருந்தேன். 15 லீற்றர் தண்ணீர் ஒரு மூட்டையாகக் கட்டுண்டு கிடந்தால் பாதகமில்லை. அது ஓடும். கயாக் வலப்பக்கம் சரிந்தால் தானும் அந்தப் பக்கம் ஓடிவந்து இன்னும் சரிக்கும். உயிர்காப்புச் சட்டை போடாமல் கயாக்கில் போனால் இங்கே தண்டம் அறவிடுவார்கள். அன்றைக்கு அந்தச் சட்டத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

என்னுடையது காலை உள்ளே நீட்டி இருக்கும் வகையல்ல. மேலே ஏறி இருந்து தூண்டில் போடுவது. உடம்பு முழுக்க மூடிய வெறும் பீப்பா. இருக்கிற இடத்தில் வடிகால் துளைகள் உண்டு. ஆனால் அவை மேலிருந்து கீழே நேராகப் போகும் குழாய்கள், வயிற்றுக்குள் திறப்பதில்லை. முன்னால் ஒரு மூடி, பின்னால் தண்ணீர் வடிக்க ஒரு தக்கை. கடையிலிருந்து வந்தபோது அவ்வளவுதான். பிறகு நான் டிறிலோடு போனேன்.

மீன் எங்கே நிற்கிறதென்று திரையில் காட்டும் கருவியை இங்கே சவுண்டர் என்பார்கள். அதன் திரையைப் பூட்ட 4 ஓட்டை. அதன் வயர்கள் உள்ளே போக 1. தூண்டில் தாங்கிகளுக்கு 4. விடியப்புறம் போகும்போது மற்றப் படகுகள் என்னைக் காண, பின்னால் ஒரு விளக்குக் கம்பம். அதற்கு 1, அதன் வயருக்கு 1. ஆக 11.

"நல்ல வள்ளத்தை வாங்கி நீரே பதினொரு ஓட்டையைப் போட்டுட்டு, இப்ப தண்ணி வருகுதெண்டு அழுறீர்," என்றார் மாமா. என் மனைவியின் தகப்பனார். வல்வெட்டித்துறையில் படகு கட்டும் வாடிகளுக்கு நடுவே வளர்ந்தவர். அந்த ஊர்க்காரரோடு படகைப் பற்றி வாய் திறந்தால், ஐந்தாவது நிமிடத்தில் அங்கே கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை வந்துவிடும். வந்தது. கேட்டேன். பிறகு வைத்தியம் சொன்னார்: கலப்பத்து. பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை உளி வைத்து அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. அருமையான வைத்தியம், ஆனால் மரத்துக்கு. மரம் நனைந்தால் பருத்துத் தன் இடுக்கைத் தானே நெரித்து மூடிக்கொள்ளும். பிளாஸ்ரிக்குக்கு அந்தக் குணம் கிடையாது.

அன்றிரவு கயாக் பிறந்த இடத்தை நினைத்துக்கொண்டு கிடந்தேன். அது ஆர்க்டிக் கரையோர இனுயிற் மக்களின் படகு, பெயரும் அவர்களுடையதே. மரத்தாலும் எலும்பாலும் கட்டிய சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துப் போர்த்துவார்கள். தோலைத் தைப்பது பெண்கள். அந்தத் தையலில் ஊசி தோலைத் துளைத்து மறுபுறம் வராது. பாதித் தடிப்புக்குள்ளேயே ஓடித் திரும்பிவிடும். தசைநாணில் எடுத்த நூல் நனைந்ததும் பருத்து, ஊசி போன தடத்தையும் அடைத்துவிடும். பனிக்கடலில் ஓட்டை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். நானோ 20 மில்லிமீற்றர் டிறில் முனையை வாங்கி வந்து, கயாக்கின் பிளாஸ்ரிக் சுருள் சுருளாக விழுவதை ரசித்தவன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஒரு குழாய் சிலிக்கோன் வாங்கி, கண்ணில் பட்ட 11 இடத்திலும் பூசினேன். கராஜ் முழுக்க வினாகிரி மணம். அடுத்த ஞாயிறு மறுபடியும் தண்ணீர். சிலிக்கோனின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். காய்ச்சிய பாலின் ஆடைபோல முழுசாகக் கழன்று வந்தது.

அது சிலிக்கோனின் பிழையல்ல. இந்தக் கயாக்குகள் பொலித்தீனால் ஆனவை; சொப்பிங் பையின் தடித்த அண்ணன். மெழுகுக் குணமுள்ள அதன் மேற்பரப்பில் எந்தப் பசையும் மனம்விட்டு ஒட்டாது. பசை விற்கிற போத்தல்களையே பலவேளை பொலித்தீனில் செய்வது அதனால்தான். போதாததற்கு, வெயில் பட்டால் அது இரும்பைவிடப் பத்து மடங்கு அளவில் விரியும். குளிர்ந்தால் அதே கணக்கில் சுருங்கும். ஒட்டாத பொருள், அதோடு ஓயாமல் அசைகிற பொருள். பூசி மெழுகுகிற வேலை இங்கே எடுபடாது. றப்பரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் நெரிக்க வேண்டும். இன்னொன்று, அந்த வினாகிரி மணம் அமிலத்தின் மணம். அது செப்புக் கம்பிக்கு ஆகாது. வயர் போகிற வாசலில் போய் அதைப் பூசியிருந்தேன்.

சரி, எந்த ஓட்டை? அதைக் கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் அடைப்பது, வீட்டில் களவு போனதென்று தெரு முழுக்கப் பூட்டுப் போடுவதுபோல. காற்றை ஊதும் வாயும் உள்ள பழைய வக்யூம் கிளீனர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் குழாயைத் தக்கை வாசலில் வைத்து ரேப் சுற்றி, மெதுவாகக் காற்றை உள்ளே விட்டேன். ரயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசர் வேண்டாம். கயாக் பலூனாகி மூட்டு விட்டுவிடும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் ஒவ்வொரு பூட்டிலும் தடவினேன். தூண்டில் தாங்கிகளின் மேல்தான் எனக்குச் சந்தேகம் முழுவதும். அங்கே ஒரு குமிழி இல்லை. சவுண்டர் வயர் போகிற வாசலிலோ சின்னப் பிள்ளை சோப்புக் குமிழி ஊதுவதுபோல் ஊதித் தள்ளியது.

அந்த வாசலில் பூட்டியிருந்தது கிளான்ட் என்கிற சாமான். உள்ளே றப்பர் வளையம் வைத்த ஒரு கழுத்து. மேல் நட்டை இறுக்க இறுக்க றப்பர் வயரைச் சுற்றி நெரிக்கும். வட்டமான ஒரேயொரு வயருக்கென்று செய்தது. நான் சிக்கனம் பார்த்து, பற்றரி வயரையும் மீனைத் தேடும் உணரியின் வயரையும் அதே கழுத்துக்குள்ளால் விட்டிருந்தேன். இரண்டு விரலைச் சேர்த்து வைத்து மற்றக் கையால் பொத்திப் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு இறுக்கினாலும் விரல்களுக்கு நடுவில் உள்ள பள்ளம் அடைபடாது. அந்தப் பள்ளத்தால்தான் குடா உள்ளே வந்திருக்கிறது. இதில் இன்னொரு வில்லங்கம்: உணரியின் வயர் 6 மில்லிமீற்றர்தான், அதன் நுனியில் உள்ள பிளக்கோ கட்டைவிரல் பருமன். வயரை வெட்டி ஒட்ட மனம் வராது, ஆகவே ஓட்டை பெரிதாகிறது. இதற்கென்று பக்கவாட்டில் கீறிய றப்பர் அடைப்பு விற்கிறார்கள். பிளக்கை முதலில் நுழைத்துவிட்டு, றப்பரை வயரில் கொளுவி நட்டை இறுக்கலாம்.

ஆளுக்கொரு வாசல் வைத்தேன். ஓட்டை 12 ஆனது, மாமாவுக்குச் சொல்லவில்லை. கிளான்டின் அடியில் தட்டையான றப்பர் வளையம், உட்பக்கம் அகலமான வோஷரும் நட்டும். திரை பூட்டிய திருகாணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, நட்டுப் போட்ட துருப்பிடிக்காத ஆணிகளை இறக்கினேன். அடியில், என்றைக்கும் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும் பியூற்றைல் நாடா. பொலித்தீனோடு ஓரளவு சிநேகமாக இருக்கிற பண்டம் அது. வயர்களை வாசலுக்கு முன் ஒருமுறை கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே விட்டேன். வீட்டுக்கு வரும் மின்சாரக் கம்பி சுவருக்குள் போகுமுன் அப்படி வளைந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வயர் வழியே வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும்.

இனித் தண்ணீர் வராது என்று கடலுக்குப் போனேன். இரண்டு லீற்றர் வந்தது.

இதற்குக் காரணம் பிடிபட மூன்று ஞாயிறு ஆனது. மணலில் வெயிலில் கிடக்கும்போது கயாக்கின் வயிற்றுக்குள் உள்ள காற்று எளிதாக 45 பாகைக்குச் சூடேறும். அப்படியே 15 பாகைத் தண்ணீரில் இறக்கினால் காற்று குளிர்ந்து, பத்தில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். வயிறு 300 லீற்றர் என்றால், 30 லீற்றர் காற்றுக்கு உள்ளே தவிப்பு. அப்போது கயாக் மூச்சை இழுக்கும். சும்மா நனைந்திருந்தால் ஒரு சொட்டும் விடாத ஆணித்துளைகூட, உள்ளிருந்து உறிஞ்சினால் விட்டுவிடும். சோப்புச் சோதனையில் நான் வெளியே ஊதினேன். கடல் உள்ளே இழுத்துச் சோதித்தது. இப்போதெல்லாம் கயாக்கை நிழலில் வைக்கிறேன். தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்து, முழங்கால் ஆழத்தில் நின்று மூடியை ஒருமுறை திறந்து மூடுகிறேன். 'பிசுக்' என்று ஒரு பெருமூச்சு கேட்கும். அவ்வளவுதான். உள்ளே வருவது இப்போது ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்கும் குறைவு. ஸ்பொஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம்.

இன்னொரு கயாக் வாங்கினால் வயருக்காக ஓட்டையே போடமாட்டேன். பற்றரியைத் தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து மேலேயே கட்டிவிடுவேன். அழகாக இருக்காது, இருக்கட்டும். இருக்கிற கயாக்கின் கிளான்டுகளை மாதம் ஒருமுறை கால் சுற்று இறுக்க வேண்டியிருக்கிறது. பொலித்தீன் நெரிபட நெரிபட மெல்ல விட்டுக்கொடுக்கும். இறுக்கம் தானாகத் தளரும்.

போன கிழமை மாமா கராஜுக்கு வந்தார். கயாக்கைச் சுற்றி வந்து, கிளான்டுகளை விரலால் ஆட்டிப் பார்த்தார். எண்ணவில்லை, நல்லவேளை. பிறகு முன்பக்கத்து வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"தம்பி, இந்த இடத்திலை ஒரு லைற் பூட்டினீரெண்டால் இரவிலை கணவாய்க்கு நல்லா இருக்கும்."