அன்பளிப்பு என்று பெயர் மாற்றினால் ஆகிவிடுமா?



ரெட்டிபாளையத்தில் ஊழல் பற்றிப் பேச்செழுந்தால், அது விரைவிலேயே 2ஜி வழக்குக்குச் சென்றுவிடும். பெரம்பலூர் தொகுதியின் உறுப்பினராக இருந்த ஆ. இராசா தொலைத்தொடர்புத் துறை அமைச்சராகப் பொறுப்பிலிருந்த காலத்தில், 2008 ஜனவரியில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று ரத்துச் செய்தது. எனினும், குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. நிரூபணமாகாததை ஒருவர் மீது சுமத்துவது அவதூறு. அதற்கும் மறுமையில் கேள்வி உண்டு. ஆகவே அதை நீதிமன்றத்திடமே விட்டுவிடுவோம்.

கோடிகளைப் பற்றிப் பேசச் சளைக்காத நாம், மனுவுக்குள் ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்து வைக்கும்போது மட்டும் மௌனமாகிவிடுகிறோம்.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யாவின் நிகழ்வை மதரஸாவில் பாடமாக நடத்தினோம். திரும்பி வந்த அவர், ஒரு பகுதி பொதுநிதிக்குரியது என்றும், மற்றொரு பகுதி தமக்கு வந்த அன்பளிப்பு என்றும் பிரித்துக் காட்டினார். பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பாடம் முடிந்ததும் பத்து வயது மாணவன் ஒருவன் எழுந்தான். "ஹஜ்ரத், பட்டா மாற்ற எங்க அத்தா டீ செலவுக்குக் கொடுத்தாங்களே, அது எது?" நம்மிடம் உடனடியாகப் பதில் இல்லை.

பிறர் உரிமையைப் பறிக்காமல், தமக்குரியதைப் பெற வேறு வழியே அற்ற நிலையில் கொடுப்பவர் மீது குற்றமில்லை, வாங்குபவர் மீதே பாவம் என்று மார்க்க அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். உண்மைதான். ஆனால் வேறு வழியைத் தேடிப் பார்த்தோமா? வரிசையில் முந்துவதற்கும், இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டுவதற்கும் கொடுத்தது எந்த நிர்ப்பந்தத்தில் சேரும்?

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே கேட்கிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவர் குற்றவாளி அல்லர். முன்னரே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் தெரிவித்து, அவர்கள் பினாப்தலின் தடவித் தரும் நோட்டைக் கொடுப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு.

உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களின் சொத்தைக் கணக்கெடுத்து வைத்தார்கள். பின்னர் மிகுந்து காணப்பட்டதில் ஒரு பகுதியைப் பொதுநிதியில் சேர்த்தார்கள். நம் காலத்தில், நாமக்கல் ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2009இல் தம் சொத்து விவரத்தைத் தாமே வெளியிட்டார். அதைக் கண்டு நாடு வியந்தது. வியக்கும் நிலைக்கு வந்துவிட்டோமே என்பதுதான் நமது வருத்தம்.

அதிகாரிகளை மட்டும் சொல்லி நாம் தப்பிக்க இயலாது. சில ஆண்டுகளுக்கு முன், மதரஸா ஆண்டு விழாப் போட்டிக்கு முந்திய வாரம், ஒரு மாணவனின் தந்தை நமக்குச் சட்டைத் துணி கொண்டுவந்து தந்தார். பெற்றுக்கொண்டோம். அவருடைய மகன் கிராஅத்தில் இரண்டாம் பரிசு பெற்றான். நன்றாகத்தான் ஓதினான். ஆனால் மூன்றாவதாக வந்த, தந்தையை இழந்த பிள்ளையும் நன்றாகவே ஓதினான். அன்று நம் பேனாவை எது நகர்த்தியது என்று இன்றுவரை நம்மால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இப்போது, போட்டி முடிந்து ஒரு மாதம் ஆகும்வரை எந்த வீட்டிலிருந்தும் எதையும் நாம் வாங்குவதில்லை.

நமது ஜமாஅத்திற்கு ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் படித்த இளைஞர்கள் இருவர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, பிறர் மனுக்களை எழுதித் தரலாம். காரணமின்றிக் கோப்பு நகரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பத்து ரூபாயும் இல்லாதவருக்குப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். முதல் வெள்ளிக்கிழமை நாமும் வந்து அமர்கிறோம்.