சிறு பாலத்துக்கும் சூழல் ஆய்வு வேண்டும்

நமது சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஓடைகளின் குறுக்கே தரைப்பாலங்கள் ஏராளம். தமிழ்நாடு முழுவதும் 1,281 தரைப்பாலங்களை 2026-க்குள் உயர்மட்டப் பாலங்களாக மாற்றுவதென்று 2021-ம் ஆண்டில் அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டிய திட்டம்தான். மழைக் காலத்தில் பால் கேனும், குச்சிக்கிழங்கு லாரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அக்கரையிலேயே நின்றுவிடும் ஊர்களில் இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாலம் சாலைக்கு மட்டும் உரியதன்று. ஓடைக்கும், ஓடையோரத்து வயலுக்கும், கிணற்றுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை யார் பார்க்கிறார்கள்?

சட்டத்தைக் கேட்டால் பதில் கிடைக்காது. மத்திய அரசு 2006 செப்டம்பர் 14-ல் வெளியிட்ட சுற்றுப்புறச் சூழல் மதிப்பீட்டு அறிவிக்கை பெரிய நெடுஞ்சாலைகளுக்குத்தான் முன் அனுமதி கேட்கிறது. சேலம்-சென்னை எட்டு வழிச் சாலை வழக்கு 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனதையும், அங்கே சூழல் அனுமதி பற்றி வாதம் நடந்ததையும் நம் பகுதி விவசாயிகள் நன்கு அறிவார்கள். ஆனால் கிராமச் சாலையில் பத்து, இருபது மீட்டர் நீளத்தில் ஒரு பாலத்தை இடித்துக் கட்டினால் அந்த அறிவிக்கை அதைக் கண்டுகொள்வதில்லை. ஒவ்வொரு சிறு பாலத்துக்கும் முழு அளவு மதிப்பீடு வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் அறிக்கை எழுதித் தருபவருக்குத்தான் வருமானம். பாலம் பத்தாண்டு தள்ளிப் போகும். நான் கேட்பது நான்கு பக்க ஆய்வு. வரைபடம் முடிவாவதற்கு முன், டெண்டர் விடுவதற்கு முன், ஓடையின் மேல்புறமும் கீழ்ப்புறமும் நடந்து பார்த்து, நிலத்துக்காரர்களைக் கேட்டு எழுதும் ஆய்வு.

அதில் முதலில் பார்க்க வேண்டியது ஓடையின் படுகை. பழைய தரைப்பாலத்தின் கான்கிரீட் தளம் பல இடங்களில் ஒரு சிறு தடுப்பணையாகவே வேலை செய்து வருகிறது. அதன் மேல்புறத்தில் மணலும் வண்டலும் தங்கி நிற்கும். மழை நின்ற பிறகும் அந்த மணலில் ஈரம் இருக்கும். பக்கத்துக் கிணறுகளுக்கு அது ஊற்று. தளத்தை அடியோடு பெயர்த்து எடுத்துவிட்டு உயரமான தூண்களில் பாலம் கட்டினால், அடுத்த வெள்ளத்தில் மணல் கீழே இறங்கிவிடும். படுகை அரிப்பு மேல்நோக்கி ஏறும், கரை சரியும், கிணற்று ஊற்றும் குறையும். பாறைப் படுகை உள்ள இடத்தில் இப்படி நேராது. மண் படுகை உள்ள இடத்தில் நேரக்கூடியதே. இதற்கு மாற்றும் எளிது. புதுப் பாலத்தின் அடியில், பழைய தளத்தின் மட்டத்திலேயே ஒரு தடுப்புச் சுவரை விட்டு வைத்தால் போதும். ஆனால் அதை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். தூண் எழுப்பிய பிறகு கேட்டால் ஒப்பந்தத்தில் இல்லை என்பார்கள்.

இரண்டாவது, பாலத்தின் கண்கள். இதற்கு ஒரு கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குல மழை பெய்து அவ்வளவும் வழிந்து ஓடினால், அது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கன அடி நீர். உங்கள் ஓடைக்கு நீர் தரும் பரப்பு ஆயிரம் ஏக்கர் என்று வைத்துக் கொள்வோம். பாதி மண்ணில் இறங்கி, பாதி ஓடினால் 500 கன அடி. ஒரு மீட்டர் விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் நிரம்பி, விநாடிக்கு ஆறு அடி வேகத்தில் ஓடினால் 50 கன அடி போகும். ஆக, பத்துக் குழாய் வேண்டும். இது தோராயக் கணக்குத்தான். என்ஜினீயர் இதைவிட நுட்பமாகப் போடுவார். ஆனால் மூன்று குழாயோடு ஒருவர் வந்தால் ஏன் என்று கேட்க நமக்கு இது போதும். கண் குறுகினால் தண்ணீர் பாலத்தின் மேல்புறத்து வயலில்தான் ஏறி நிற்கும்.

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும், கொல்லிமலையிலிருந்து வரும் கரைபோட்டானாறும் மலையில் மழை பெய்த சில மணி நேரத்தில் சமவெளியில் பெருகி வருபவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. அதே நாட்களில்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையில் ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டி, மூன்று மாதத்துக்கு முன் திறந்த உயர்மட்டப் பாலம் வெள்ளத்தில் போயிற்று. கணக்கிட்டிருந்ததைவிடப் பன்மடங்கு நீர் வந்துவிட்டது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். சாத்தனூர் அணைக்குக் கீழே உள்ள பெரிய ஆறு அது. நம் ஓடையோடு அளவில் ஒப்பிட முடியாது. ஆனாலும் எந்த வெள்ளத்தைக் கணக்கில் எடுத்தார்கள் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

வேலை நடக்கும்போது போடும் மாற்றுப் பாதை இன்னொரு தொல்லை. ஓடைக்குள் மண்ணைக் கொட்டி, இரண்டு குழாயைப் புதைத்து வண்டி விடுகிறார்கள். பாலம் முடிந்ததும் அந்த மண்ணையும் பழைய பாலத்தின் இடிபாட்டையும் அப்படியே விட்டுப் போய்விடுவதுண்டு. ஓடையை முன்போல் துப்புரவாக்கிக் கொடுத்த பிறகே கடைசிப் பில்லுக்குப் பணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். வேலையைத் தை கடைசியில் தொடங்கி வைகாசிக்குள் முடிப்பது நல்லது. மேட்டூர்க் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களின் மேல் கட்டும் பாலங்களுக்கும் அதுவே அடைப்புக் காலம்.

சாலையைப் பாலத்தின் உயரத்துக்கு ஏற்ற மண் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். சாலை போன்ற வேலைகளுக்குச் சாதாரண மண் எடுக்கச் சூழல் அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசு 2020 மார்ச்சில் கொடுத்த விலக்கை, 2024 மார்ச் 21-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. பக்கத்து ஏரியில் கண்டபடி தோண்டினால் நஷ்டம் அந்த ஆயக்கட்டுக்கே. உயர்த்திய சாலை இரு பக்கத்து வயலின் வடிகாலையும் மறிக்கும். அதற்குத் தனிக் குழாய் வேண்டும். மரங்களைப் பற்றி நான் சொல்லாமலே கேட்பீர்கள்.

இந்த ஆய்வால் பாலம் தாமதமாகும் என்ற அச்சம் வேண்டாம். அமெரிக்காவில் 1969-ம் ஆண்டுச் சூழல் கொள்கைச் சட்டத்தின் கீழ், மத்திய அரசுப் பணத்தில் பழைய பாலத்தை மாற்றும் வேலைகள் பெரும்பாலும் முழு அறிக்கையிலிருந்து விலக்குப் பெறுகின்றன. ஆனால் விலக்குக்குத் தகுதி உண்டா என்று பார்த்துப் பதிவு செய்தாக வேண்டும். நம் நெடுஞ்சாலைத் துறை என்ஜினீயர்களுக்கும் ஊராட்சி ஒன்றிய என்ஜினீயர்களுக்கும் இது பெரிய சுமையன்று. பழைய வெள்ளம் எதுவரை ஏறிற்று என்று இப்போதும் ஊரில் விசாரிக்கிறார்கள். விசாரிக்கும் நேரத்தில் அங்கே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது பதில்.

ஆகவே உங்கள் ஊர்ப் பாலம் பட்டியலில் இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டுப் பெறலாம். மார்ச் 22-ந் தேதி உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. அதற்கு முன் ஓடையோரத்தில் மூத்த விவசாயிகளை அழைத்துப் போய், பம்பு செட் சுவரிலோ பழைய மரத்திலோ வெள்ளம் தொட்ட இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு, பாலத்தின் தளத்திலிருந்து அது எத்தனை அடி உயரம், எந்த வருடம் என்பதைக் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.